முன்வாசலும் கொல்லைவாசலும்: ஒரே தரவுக்கு எஸ்க்யூஎல், கீ-வேல்யூ இரண்டும் வேண்டுமென்றால்

ஆர்டர் ஐடியைக் கொடுத்தால் அந்த ஒரு ஆர்டர் சட்டென்று வர வேண்டும், வினாடிக்குப் பல ஆயிரம் தடவை. அதே ஆர்டர்களை வைத்துக்கொண்டு, போன மாதம் பணம் கட்டாத வாடிக்கையாளர்கள் யார், அவர்கள் எந்த வகைப் பொருளை அதிகம் வாங்கினார்கள் என்று இன்னொரு குழு கேட்கும், அதற்கும் பதில் வேண்டும். முதலாவது கீ-வேல்யூ வேலை, அதாவது ஒரு கீயை (அடையாளத்தை) கொடுத்து அதோடு சேர்ந்த வேல்யூவை எடுப்பது. இரண்டாவது எஸ்க்யூஎல் வேலை, அதாவது டேபிள்களைச் சேர்த்தும் வடிகட்டியும் கேள்வி கேட்பது. தரவு ஒரே மெஷினில் அடங்குகிற வரை இதைப் பற்றி யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு சாதாரண ரிலேஷனல் தரவுத்தளம் இரண்டையும் முனகாமல் செய்யும். பத்து இருபது நோட்களில் (சேர்ந்து வேலை செய்யும் மெஷின்களில்) பரப்பிய பிறகுதான் 'இதற்கு ஒன்று, அதற்கு ஒன்று வைத்துக்கொள்வோமா, இல்லை இரண்டும் சேர்ந்த ஒன்று கிடைக்குமா' என்ற பேச்சு கிளம்புகிறது.

நானும் ஆரம்பத்தில் தப்பான கேள்வியைத்தான் கேட்டேன்: எந்தத் தரவுத்தளம் இரண்டையும் ஆதரிக்கிறது? இப்படிக் கேட்டால் எல்லா விளம்பரப் பக்கமும் 'நாங்கள்தான்' என்று கை தூக்கும். கேட்க வேண்டியது வேறு. வீட்டுக்கு முன்வாசல் எஸ்க்யூஎல், கொல்லைவாசல் கீ-வேல்யூ என்று வைத்துக்கொண்டால், இரண்டு வாசலும் உள்ளே எந்த இடத்தில் சேர்கின்றன? கொல்லைவாசல் வழியாக ஒருவர் ஒரு மூட்டையை உள்ளே வைத்துவிட்டுப் போனால், முன்வாசலில் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியுமா? தெரியும் என்றால் எப்போது, அப்போதேவா, இல்லை அவருக்குச் சேதி போய்ச் சேரும்போதா? கணக்குப் புத்தகம் என்று நான் சொல்வது இண்டெக்ஸ் (வேகமாகத் தேட வைத்திருக்கும் அகராதி), யூனிக் கட்டுப்பாடு (ஒரே மதிப்பு இரண்டு தடவை வராமல் தடுப்பது), ஃபாரின் கீ (ஒரு டேபிள் இன்னொன்றின் பதிவைச் சுட்டுவது), ஸ்கீமா (டேபிளின் அமைப்பு) எல்லாவற்றையும் சேர்த்துத்தான். இந்த ஒரு கேள்வியை வைத்தே சந்தையில் இருப்பதைப் பிரித்துவிடலாம், பெயர் பட்டியல் தேவையில்லை.

இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி மாதிரிப் பேசப்படுகிறது, ஆனால் பரவல் எஸ்க்யூஎல் தரவுத்தளங்களில், அதாவது பல நோட்களில் பரவியவற்றில், பெரும்பாலானவற்றுக்கு அடியில் இருப்பதே கீ-வேல்யூதான். டைடிபி என்ற பரவல் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டேபிளின் ஒவ்வொரு பதிவும் அடியில் உள்ள டைகேவி என்ற சேமிப்பு அடுக்கில் ஒரு கீயாக உட்காருகிறது. கீயில் டேபிள் எண்ணும் பதிவு எண்ணும் இருக்கும், வேல்யூவில் மற்ற நெடுவரிசைகள் இருக்கும். துணை இண்டெக்ஸும் இன்னொரு கீதான்: டேபிள் எண், இண்டெக்ஸ் எண், இண்டெக்ஸ் செய்த மதிப்பு. காக்ரோச்டிபியும் கிட்டத்தட்ட இதேதான். கீகள் எல்லாம் அகர வரிசையில் அடுக்கப்பட்டு, துண்டு துண்டாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் ராஃப்ட் முறையில் (பிரதிகள் ஓட்டெடுத்து ஒத்துப்போகும் முறையில்) பல பிரதிகளாக வாழ்கிறது. காக்ரோச்டிபியில் ஒரு துண்டின் இயல்பு அளவு முதலில் 64 மெகாபைட்டாக இருந்து பிறகு 512 ஆனது. சரித்திரமும் இதே திசையில்தான் போயிருக்கிறது. கூகுள் 2012-ல் தன் பரவல் தரவுத்தளமான ஸ்பேனரைப் பற்றி எழுதியது, 2013-ல் அதன் மேல் விளம்பரப் பிரிவுக்காகக் கட்டிய எஃப்1 என்ற எஸ்க்யூஎல் தரவுத்தளத்தைப் பற்றி எழுதியது, 2017-ல் வந்த கட்டுரையோ ஸ்பேனர் எப்படி முழு எஸ்க்யூஎல் அமைப்பாக மாறியது என்பதையே பேசியது. கீழிருந்து மேலே வளர்ந்த வீடு, மாடி அப்புறம் வந்தது.

'அடியில் கீ-வேல்யூ இருக்கிறதே, அப்படியானால் நேராகப் போய் எடுத்துக்கொள்ளலாமே' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இங்கேதான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறார்கள்.

அடித்தளத்தை நேரே தொட்டால்

எச்பேஸ் என்ற கீ-வேல்யூ பாணித் தரவுத்தளமும் அதன் மேல் எஸ்க்யூஎல் கொடுக்கும் ஃபீனிக்ஸும் நல்ல பாடம். எச்பேஸின் சொந்தக் கருவியை வைத்து 5 என்ற முழு எண்ணை எழுதினால், அது நான்கு பைட்டாக, வழக்கமான முறையில் போய் உட்காரும். ஃபீனிக்ஸின் முழு எண் வகையோ முதல் பிட்டைத் திருப்பிப் போட்டுத்தான் எழுதும், படிக்கும். அப்படிச் செய்யாவிட்டால் பைட் வரிசையில் அடுக்கும்போது எதிர்ம எண்கள் நேர்ம எண்களுக்குப் பின்னால் போய்விடும், வீச்சுத் தேடல் தப்பாகும். ஆக நீங்கள் நேரடியாக எழுதிய 5, எஸ்க்யூஎல் பக்கம் -2147483643 என்று தெரியும். பிழைச் செய்தி எதுவும் வராது, எண் மட்டும் மாறியிருக்கும். இதைச் சமாளிக்க ஃபீனிக்ஸில் எச்பேஸின் பைட்டோடு பொருந்துகிற குறியில்லா எண் வகை தனியாக இருக்கிறது, ஆனால் அது இருப்பது தெரிந்தவர்களுக்குத்தானே உதவும். இதாவது கண்ணில் படும். நேரடியாக எழுதிய பதிவுக்கு ஃபீனிக்ஸின் துணை இண்டெக்ஸில் வரி சேராது என்பது கண்ணிலும் படாது. இண்டெக்ஸ் வழியாகப் போகும் குவெரி (எஸ்க்யூஎல் கேள்வி) அந்தப் பதிவு இல்லை என்று சொல்லும், இண்டெக்ஸ் தேவைப்படாத குவெரி இருக்கிறது என்று சொல்லும், யார் சொல்வதை நம்புவது?

டைகேவிக்குத் தனியாகவே வெளிப்படையான கீ-வேல்யூ ஏபிஐ (புரோகிராம்கள் பேசும் இடைமுகம்) உண்டு, அதுவும் இரண்டு வகை: டிரான்சாக்‌ஷன் (பல மாற்றங்களை முழுசாக நடத்தும், இல்லாவிட்டால் ஒன்றையும் நடத்தாத உத்தரவாதம்) இல்லாத கச்சா வகை, டிரான்சாக்‌ஷனோடு கூடிய வகை. ரொம்ப நாள் இரண்டையும் ஒரே கிளஸ்டரில் (நோட்களின் கூட்டத்தில்) கலக்கக் கூடாது என்றுதான் விதி, 6.1 வெளியீட்டில் வந்த இரண்டாம் ஏபிஐ வடிவம் கீக்கு முன்னொட்டு வைத்துப் பிரித்து, கலந்து வாழ வழி செய்தது. ஆனால் கவனியுங்கள், அது ஒரே கிளஸ்டரைப் பகிர்வது, ஒரே தரவைப் பகிர்வது இல்லை. எஸ்க்யூஎல் டேபிளில் இருக்கும் ஆர்டரைக் கச்சா ஏபிஐ எடுத்துத் தராது. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு தனிக் குடித்தனம்.

படிப்பதற்கு மட்டும் அடித்தளத்துக்குப் போவது வேறு கதை, அது நடக்கும். டைஸ்பார்க் என்ற கருவி அப்படித்தான் டைடிபியின் எஸ்க்யூஎல் சர்வரைச் சுற்றிக்கொண்டு டைகேவியிலிருந்தே படிக்கிறது. எழுதுவதுதான் ஆபத்து, அதற்குக் காரணம் பைட் வடிவம் மட்டும் இல்லை. இயங்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு புதிய இண்டெக்ஸ் சேர்க்கிறோம் என்று வையுங்கள். எஃப்1 குழு 2013-ல் விவரித்த முறையில், அந்த இண்டெக்ஸ் ஒரே தாவலில் உயிர் பெறாது. முதலில் 'அழிப்பு மட்டும்' நிலை, பிறகு 'எழுத்து மட்டும்' நிலை, பழைய பதிவுகளை நிரப்பிய பிறகுதான் படிக்கத் திறக்கும். ஒவ்வொரு சர்வரும் தான் எந்த நிலையில் இருக்கிறோம் என்று தெரிந்துகொண்டே எழுத வேண்டும். இந்த நாடகத்தில் பங்கே எடுக்காமல் பின்பக்கமாக வந்து எழுதும் உங்கள் புரோகிராமுக்கு இண்டெக்ஸ் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. நேற்று வரை சரியாக இருந்தது இன்று இரவு ஒரு ஸ்கீமா மாற்றத்தோடு சத்தமில்லாமல் கெட்டுப்போகும். காக்ரோச்டிபி தன் அடித்தள ஏபிஐயை வெளியே பயன்படுத்தக் கொடுக்காமல் பூட்டி வைத்திருப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

எஸ்க்யூஎல் வழியாகவே கீயைக் கொடுத்து எடுத்தால்?

கீ-வேல்யூ வாசல் வேண்டும் என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் அது தேவையில்லை என்பது என் எண்ணம். பிரைமரி கீயை வைத்து ஒரு பதிவை எடுக்கும் எஸ்க்யூஎல், தயார் செய்து வைத்த ஸ்டேட்மென்டாக இருந்தால், பார்சிங் (கேள்வியைப் பிரித்துப் புரிந்துகொள்வது) ஒரு தடவையோடு முடிந்தது. டைடிபி இப்படிப்பட்ட குவெரிக்கு வழக்கமான ஆப்டிமைசர் வேலையை (குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று ஆராய்வதை) தாண்டி நேரே ஒற்றைப் பதிவு எடுக்கும் திட்டத்துக்குப் போய்விடும். அப்புறம் மிச்சம் என்ன? நெட்வொர்க், அடியில் உள்ள ஒரு கீ எடுப்பு. அது இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

இதற்கு எதிராக எப்போதும் வைக்கப்படும் சாட்சி ஹேண்ட்லர்சாக்கெட். 2010-ல் டிஎன்ஏ (DeNA) என்ற ஜப்பானிய நிறுவனத்தில் மைஎஸ்க்யூஎல்லுக்குள் எஸ்க்யூஎல் அடுக்கைத் தாண்டி அதன் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியை நேரே தொடும் செருகியைச் செய்து, வினாடிக்கு 7.5 லட்சம் கீ எடுப்புகளைக் காட்டினார்கள். அதே மெஷினில் எஸ்க்யூஎல் வழியாகக் கிடைத்தது சுமார் ஒரு லட்சம். பெரிய வித்தியாசம், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரே மெஷின், தரவு முழுக்க மெமரியில், செலவெல்லாம் பார்ஸ் செய்வதிலும் டேபிள் திறப்பதிலும் பூட்டிலும். பரவல் அமைப்பில் ஒரு தடவை இன்னொரு டேட்டா சென்டருக்குப் போய் வரும் நேரத்தில் அந்தப் பார்ஸ் செலவு கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். சிபியு பில்லில் தெரியும், தாமதத்தில் தெரியாது.

பரவல் அமைப்பில் கீ-வேல்யூ வாசல் நிஜமாகவே மிச்சப்படுத்துவது ஒரு தாவல். எஸ்க்யூஎல் வழியில் உங்கள் அப்ளிகேஷன் ஒரு எஸ்க்யூஎல் சர்வரிடம் பேசும், அது தரவு இருக்கும் நோடிடம் பேசும். கீ-வேல்யூ கிளையன்ட் எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தைத் தன்னிடமே வைத்திருப்பதால் நேரே போய்விடும். இரண்டு தாவல் ஒன்றாகும். உங்கள் தாமத வரம்பு ஒரு மில்லிசெகண்டுக்குக் கீழே என்றால் இது வாழ்வா சாவா விஷயம். 20 மில்லிசெகண்ட் வரை பொறுக்கலாம் என்றால் இதற்காக இரண்டாவது வாசல் திறப்பது, வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிற காரியம்.

வாசல் திறந்தவர்களே பிறகு மூடிய கதையும் உண்டு. மைஎஸ்க்யூஎல் 5.6-ல் இன்னோடிபி டேபிளை மெம்கேஷ்டி (மெமரியில் ஓடும் கீ-வேல்யூ கேஷ்) முறையில் எடுக்கும் செருகி வந்தது, நிறையப் பேச்சு. 8.0.22-ல் அதைக் கைவிடப்போவதாக அறிவித்தார்கள், 8.3-ல் அகற்றியே விட்டார்கள். யுகபைட்டிபி என்ற பரவல் தரவுத்தளத்தில் ஆரம்பத்தில் ரெடிஸ் (மெமரியில் ஓடும் இன்னொரு கீ-வேல்யூ) போலப் பேசும் மூன்றாவது ஏபிஐ இருந்தது, அதையும் ஓரம் கட்டிவிட்டார்கள். முன்வாசலை எல்லாரும் பராமரிப்பார்கள். கொல்லைவாசலுக்கு எண்ணெய் போடுவது எப்போதும் யாருடைய கடைசி வேலையாகவோ இருக்கும். தேர்வு செய்யும்போது இதையும் கணக்கில் வையுங்கள்.

யுகபைட்டிபி பற்றி இன்னொன்று, ஏனென்றால் இதில் ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே சேமிப்பு அடுக்கு, மேலே போஸ்ட்கிரெஸ் போன்ற ஏபிஐ ஒன்று, கசாண்ட்ரா போன்ற ஏபிஐ ஒன்று. படத்தில் பார்த்தால் கனவு நனவான மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றில் உருவாக்கிய டேபிளை மற்றொன்றில் பார்க்க முடியாது. ஒரு கிளஸ்டரை இயக்கும் சிரமம் பாதியாகிறது, அது நல்ல விஷயம்தான். நம் கேள்விக்கு மட்டும் அது பதில் இல்லை.

வாசல்கள் உண்மையாகவே சேரும் இடங்கள்

என்டிபி, அதாவது மைஎஸ்க்யூஎல் கிளஸ்டர். எரிக்சனில் தொலைபேசித் தேவைக்காகப் பிறந்து 2003-ல் மைஎஸ்க்யூஎல் கைக்கு வந்தது. பழசு என்று ஒதுக்குகிறார்கள், எனக்கு அதன் கட்டமைப்பின் மேல் ஒரு மரியாதை உண்டு. இதில் எஸ்க்யூஎல் சர்வரும் டேட்டா நோடுகளுக்கு ஒரு வாடிக்கையாளர்தான், நேரடி ஏபிஐயில் எழுதும் உங்கள் புரோகிராமும் இன்னொரு வாடிக்கையாளர்தான். இண்டெக்ஸைப் பராமரிப்பது டேட்டா நோட், ஃபாரின் கீயைச் சரிபார்ப்பதும் டேட்டா நோட். ஆக எந்த வாசலில் வந்தாலும் கணக்குப் புத்தகத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். விதிவிலக்கு, எஸ்க்யூஎல்லில் நீங்கள் எழுதிய டிரிகர் (பதிவு மாறினால் தானாக ஓடும் கட்டளை). அது எஸ்க்யூஎல் சர்வரில் வாழ்வதால் நேரடி ஏபிஐயில் எழுதினால் ஓடாது. இண்டெக்ஸ் செய்த நெடுவரிசைகள் மெமரியில் இருந்தாக வேண்டும், ஐசொலேஷன் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளை ஒன்றுக்கொன்று பிரித்து வைக்கும் அளவு) 'ரீட் கமிட்டட்' மட்டும்தான். இந்த இரண்டும் ஒத்துவந்தால், தாமதம் உயிர்நாடியாக இருக்கிற வேலைக்கு இன்னமும் பொருத்தமான ஆள்.

ஸ்பேனரை எல்லாரும் எஸ்க்யூஎல் தரவுத்தளமாகவே நினைக்கிறார்கள், ஆனால் அதில் எஸ்க்யூஎல் இல்லாமல் கீகளைக் கொடுத்துப் பதிவுகளை எடுக்கும் ரீட் ஏபிஐயும், மியூட்டேஷன் என்ற பெயரில் எழுதும் ஏபிஐயும் இருக்கின்றன. அதே டேபிள், அதே இண்டெக்ஸ், அதே டிரான்சாக்‌ஷன் உத்தரவாதம். நான் பார்த்தவற்றில் இரண்டு வாசலும் இவ்வளவு ஒழுங்காகச் சேர்வது அபூர்வம். ஒரே ஒரு இடறல்: மியூட்டேஷன் கமிட் ஆகும் வரை சேர்த்து வைக்கப்படும், அதனால் அதே டிரான்சாக்‌ஷனுக்குள் நீங்கள் எழுதியதை நீங்களே படிக்க முடியாது, எஸ்க்யூஎல் வழியாக எழுதினால் படிக்கலாம். ஒரே டிரான்சாக்‌ஷனில் இரண்டையும் கலக்குபவர்கள் இதில் ஒரு தடவையாவது குழம்புவார்கள்.

மெமரி சார்ந்த தரவுத்தளமான இக்னைட்டில் கேஷில் போட்டதை எஸ்க்யூஎல்லில் கேட்கலாம், எஸ்க்யூஎல்லில் சேர்த்ததைக் கேஷாக எடுக்கலாம், பதிவைப் போடும்போதே இண்டெக்ஸும் மாறும். ஆனால் ஜாயின் (இரண்டு டேபிளை இணைத்துக் கேட்பது) விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது, அதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. இரண்டு டேபிளின் தொடர்புள்ள பதிவுகள் ஒரே நோடில் இருக்கும்படி அமைக்காமல், பரவல் ஜாயினுக்கான கொடியையும் போடாமல் குவெரி விட்டால், இரண்டாம் தலைமுறை இக்னைட் ஒவ்வொரு நோடிலும் தனக்குள் இருப்பதை மட்டும் ஜாயின் செய்து, குறைவான பதிவுகளைப் பிழையே இல்லாத மாதிரித் திருப்பிக் கொடுக்கும். சோதனையில் ஒரே நோட் என்பதால் எல்லாம் சரியாக இருக்கும். மெதுவான பதிலை மன்னிக்கலாம், குறைந்த பதிலை எப்படி மன்னிப்பது? அதோடு, கேஷ் ஏபிஐக்கு இருந்த டிரான்சாக்‌ஷன் உத்தரவாதம் எஸ்க்யூஎல் குவெரிக்கும் அப்படியே இருக்கும் என்றும் நினைத்துவிட வேண்டாம்.

ஆவணத் தரவுத்தளமான கவுச்பேஸ் நேர்மையான சமரசம். மெம்கேஷ்டி வம்சம், ஆவணங்கள் பல வாளிகளில் ஹாஷ் ஆகி (கீயைக் கணக்கிட்டுச் சிதறடித்து) பரவும், கீயைக் கொடுத்தால் கடைசியாக எழுதியது வரும். 2015-ல் 4.0-வோடு வந்த குவெரி மொழியில் ஜாயின் உட்பட நிறைய உண்டு. ஆனால் இண்டெக்ஸ் பின்னால் நடந்து வரும். இயல்பாகக் கேட்டால் சற்று முன் எழுதியது குவெரியில் தெரியாமல் இருக்கலாம், தெரிந்தே ஆக வேண்டும் என்றால் குவெரியோடு அதற்கான கன்சிஸ்டென்சி அளவைக் கேட்க வேண்டும், அதற்குக் காத்திருப்புச் செலவு உண்டு. கணக்குப்பிள்ளைக்குச் சேதி போகும், கொஞ்சம் தாமதமாக. இதை வெளிப்படையாகச் சொல்லி, தேர்வை உங்கள் கையில் கொடுப்பதால் எனக்கு இதில் குறை இல்லை.

அமேசானின் டைனமோடிபியில் 2020 நவம்பரில் எஸ்க்யூஎல் போன்ற பார்ட்டிக்யூஎல் மொழி வந்தபோது 'இனி எஸ்க்யூஎல்லும் இருக்கிறது' என்று சிலர் கொண்டாடினார்கள். செலக்ட் என்று எழுதலாம், உண்மை. ஜாயின் கிடையாது. பார்ட்டிஷன் கீ இல்லாத நிபந்தனை போட்டால் டேபிள் முழுக்க ஸ்கேன் ஓடும், அதற்கான பில்லும் வரும். இது கீ-வேல்யூ தரவுத்தளத்துக்கு எஸ்க்யூஎல் சட்டை. சட்டை நன்றாகத்தான் இருக்கிறது.

ஃபவுண்டேஷன்டிபி எதிர்த் திசை. அது கொடுப்பது வரிசைப்படுத்திய கீ-வேல்யூவும் கறாரான டிரான்சாக்‌ஷனும் மட்டும். வரம்புகளும் கறார், டிரான்சாக்‌ஷனுக்கு 5 வினாடி, 10 மெகாபைட், வேல்யூவுக்கு 100 கிலோபைட். 2015-ல் ஆப்பிள் வாங்கியது, 2018-ல் திறந்த மூலமானது. 2019-ல் வெளியான ரெக்கார்ட் லேயர் அதன் மேல் ஸ்கீமாவும் இண்டெக்ஸும் கொடுக்கிறது, இண்டெக்ஸ் அதே டிரான்சாக்‌ஷனில் மாறும். ஆனால் மெமரியில் சார்ட் செய்து தருகிற வேலையை அது இயல்பில் செய்வதில்லை, வரிசை வேண்டுமென்றால் அதற்கு இண்டெக்ஸ் இருக்க வேண்டும். என்ன குவெரி வரும் என்று முன்கூட்டியே தெரிந்த குழுவுக்கு இது சொர்க்கம். யாராவது வந்து எதையாவது கேட்பார்கள் என்ற இடத்தில் இது வேலைக்காகாது.

இரண்டு தனி அமைப்பு என்ற பழைய வழி

ரிலேஷனல் தரவுத்தளம் ஒன்று, முன்னால் கேஷாக (சட்டென்று எடுக்க வைக்கும் நகலாக) ரெடிஸ் மாதிரி ஒன்று. இதை மட்டமாகப் பேசுவது நாகரிகமாகிவிட்டது, நான் பேச மாட்டேன். இரண்டில் ஒன்று மட்டும் உண்மை, மற்றது எந்த நேரமும் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி நிரப்பக்கூடிய நகல் என்றால் இது நன்றாகவே ஓடும். இரண்டுமே உண்மை என்று ஆகிற நாளில்தான் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

நகலாகவே இருந்தாலும் யார் முந்துகிறார்கள் என்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு ரீடர் கேஷில் இல்லை என்று தரவுத்தளத்திலிருந்து பழைய மதிப்பைப் படிக்கிறார். அவர் கேஷில் வைப்பதற்குள் ஒரு ரைட்டர் புதிய மதிப்பை எழுதிக் கேஷை அழிக்கிறார். பிறகு ரீடர் கையில் இருந்த பழையதைக் கேஷில் வைக்கிறார். இனி காலாவதி வரை பழசுதான். ஃபேஸ்புக் 2013-ல் தங்கள் மெம்கேஷ் அமைப்பை விவரித்தபோது இதற்கு லீஸ் முறையைச் சொன்னது: கேஷில் இல்லை என்னும்போதே ஒரு டோக்கன் கொடுப்பது, நடுவில் அழிப்பு வந்தால் அந்த டோக்கன் செல்லாமல் போவது. நீங்கள் எழுதிய கேஷ் கோடில் இது இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்த பலவற்றில் இல்லை, என்னுடைய பழைய கோடிலும் இல்லை. அப்ளிகேஷன் இரண்டு இடத்திலும் எழுதுவதை விட்டுவிட்டு, தரவுத்தளத்தின் மாற்றப் பதிவிலிருந்து கேஷை இற்றைப்படுத்தினால் பாதித் தலைவலி போகும். சிறிது பின்தங்கும், ஆனால் தப்பிப் போகாது.

எந்த வழியானாலும் கீயின் வடிவம்தான் எஜமான்

மேலே சொன்ன எதைத் தேர்ந்தாலும் கீயைத் தப்பாக வைத்தால் எல்லாம் பாழ், அதனால் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். கீ-வேல்யூ பக்கத்துக்குக் கீகள் எல்லா நோடிலும் சிதறியிருந்தால் சந்தோஷம். எஸ்க்யூஎல் பக்கத்துக்கு ஒன்றாகப் படிக்கப்படுபவை பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சந்தோஷம். நேரெதிர் ஆசை. ஏறிக்கொண்டே போகும் எண்ணைக் கீயாக வைத்தால், வரிசைப்படி வெட்டும் தரவுத்தளத்தில் புதிய எழுத்தெல்லாம் கடைசித் துண்டிலேயே விழும்; இருபது நோட் வாங்கி ஒன்றை மட்டும் வதைப்பீர்கள். டைடிபி இதற்குச் சிதறடித்த எண்ணைத் தானாகக் கொடுக்கும் வசதி வைத்திருக்கிறது, ஸ்பேனர் பிட்டுகளைத் தலைகீழாக்கிய வரிசை எண்ணைக் கொடுக்கிறது, காக்ரோச்டிபியில் ஹாஷ் செய்து பிரித்த இண்டெக்ஸ் உண்டு, யுகபைட்டிபி பிரைமரி கீயின் முதல் நெடுவரிசையை இயல்பாகவே ஹாஷ் செய்துவிடுகிறது. ஹாஷ் செய்த நெடுவரிசையில் வீச்சுத் தேடல் எல்லாத் துண்டையும் தட்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

நம் ஆர்டர் கதையில், கீயை வாடிக்கையாளர் ஐடி, பிறகு ஆர்டர் ஐடி என்று சேர்த்து வைத்தால், ஒரு வாடிக்கையாளரின் ஆர்டர்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும், ஜாயினும் அங்கேயே முடியும். ஆனால் ஆர்டர் ஐடி மட்டும் தெரிந்து வருபவருக்கு ஒரு குளோபல் இண்டெக்ஸ் வேண்டும்: முதலில் இண்டெக்ஸ் துண்டுக்கு ஒரு பயணம், அங்கிருந்து தரவுத் துண்டுக்கு ஒரு பயணம். கீ-வேல்யூ வாசல் மிச்சப்படுத்திய அந்த ஒரு தாவல் இங்கே போயே போச்சு. இதற்கு ஒரு எளிய தந்திரம் உண்டு, எனக்குப் பிடித்தது: ஆர்டர் ஐடியை உருவாக்கும்போதே அதற்குள் வாடிக்கையாளர் ஐடியை அடக்கிவிடுவது. ஐடி கொஞ்சம் நீளமாகும், ஆனால் ஆர்டர் ஐடியைப் பார்த்ததுமே கிளையன்டுக்கு முழுக் கீ தெரியும், இண்டெக்ஸே தேவையில்லை. தரவு ஏற்கனவே கோடிக்கணக்கில் சேர்ந்த பிறகு இதைச் செய்ய முடியாது. முதல் வாரத்தில் செய்தால் பைசாச் செலவில்லை.

இண்டெக்ஸை ஒவ்வொரு துண்டுக்குள்ளேயே உள்ளூராக வைத்தால் எழுதுவது மலிவு, ஆனால் தேடும்போது எல்லா நோடையும் கேட்க வேண்டும். ஒவ்வொரு நோடும் நூற்றில் ஒரு தடவைதான் மெதுவாகப் பதில் சொல்கிறது என்று வைத்தாலும், இருபது நோடைக் கேட்கும் குவெரியில் சுமார் 18 சதவீதம் யாராவது ஒரு சோம்பேறியிடம் மாட்டும். நூறு நோட் என்றால் 63 சதவீதம். ஒற்றைக் கீ எடுப்பில் அபூர்வமாக இருந்த தாமதம், எஸ்க்யூஎல் பக்கத்தில் அன்றாடம் ஆகிவிடுகிறது.

பெரிய ஸ்கேன் குவெரிகள் ஒற்றைக் கீ எடுப்பவர்களின் பிளாக் கேஷை விழுங்குவதும் நடக்கும். டைடிபியின் டைஃபிளாஷ் மாதிரி, அதே ராஃப்ட் குழுவில் ஓட்டுரிமை இல்லாத பிரதியாக நெடுவரிசை வாரியாகச் சேமித்து ஸ்கேனை அங்கே திருப்பி விடுவது நல்ல வழி. அது இல்லாத இடத்தில் கணக்குக் குழுவுக்கு ஒரு தனிப் பிரதியாவது கொடுங்கள்.

சரி, நான் எதை எடுப்பேன்? புதிதாக ஆரம்பிக்கும் வேலை, தாமதம் பத்து மில்லிசெகண்ட் வரை பொறுக்கலாம் என்றால், பரவல் எஸ்க்யூஎல் ஒன்று, பிரைமரி கீ எடுப்பு தயார் ஸ்டேட்மென்டாக, இரண்டாம் வாசல் எதுவும் இல்லாமல். கிளவுடில் பூட்டிக்கொள்வதில் தயக்கமில்லை என்றால் ஸ்பேனரின் ரீட் ஏபிஐ. மில்லிசெகண்டுக்குள் வேண்டும், தரவு மெமரியில் அடங்கும் என்றால் என்டிபியை ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். எழுத்து குறைவு, படிப்பு மலை போல, கொஞ்சம் பழசு பரவாயில்லை என்றால் கேஷ் போதும், லீஸோடு. குவெரிகள் எல்லாம் முன்பே தெரியும், ஜாயினே வராது என்று எழுதிக் கையெழுத்துப் போடத் தயாரான குழுவுக்கு டைனமோடிபி. எதுவானாலும் கீ-வேல்யூ வழியாகப் படிப்பதை எவ்வளவு வேண்டுமானாலும் திறந்துவிடுங்கள்; எழுதுவதை, இண்டெக்ஸைப் பராமரிக்கும் அடுக்கு எதுவோ அதன் வழியாக மட்டும் விடுங்கள்.

முடிவு செய்வதற்கு முன் ஒரு சோதனை, அரை நாள் ஆகும். குறைந்தது மூன்று நோடில் வையுங்கள், ஒரு நோடில் வேண்டாம், அதில் எல்லாமே சரியாக ஓடும். கீ-வேல்யூ வழியாகப் பத்து லட்சம் பதிவுகளை எழுதிக்கொண்டே இருங்கள், ஒவ்வொன்றை எழுதியதும் அதை எஸ்க்யூஎல்லில் துணை இண்டெக்ஸ் வழியாகத் தேடுங்கள், பாதியில் ஒரு இண்டெக்ஸைப் புதிதாகச் சேர்த்து, இன்னொரு பக்கம் ஒரு நோடை வலுக்கட்டாயமாக நிறுத்துங்கள். எல்லாம் அடங்கிய பிறகு மூன்று எண்ணிக்கை எடுங்கள்: கீ-வேல்யூ ஏபிஐ சொல்வது, முழு ஸ்கேன் சொல்வது, ஒவ்வொரு இண்டெக்ஸும் சொல்வது. மூன்றும் ஒன்றாக இருந்தால் விலை பேச ஆரம்பிக்கலாம்.